ஹட்டனில் வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரும் பெண்கள் ஐஸ் ஹொக்கி இறுதி ஆட்டமும்

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் அதைத்தான் தேடுவீர்கள். பெரிய புரொஜெக்டர், மூன்று கால் ஸ்கிரீன், இரண்டு ஸ்பீக்கர், வயர்கள் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 6,500 ரூபா. சின்ன எல்இடி புரொஜெக்டர் மட்டும் என்றால் 3,000. டவுனுக்கு வெளியே கொண்டுவந்து பொருத்தித் தருவதற்கு ஆட்டோ கூலி தனி. ஹட்டன் பஸ் ஸ்டேண்டிலிருந்து நடந்தே போகலாம், ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மேல்மாடியில் இருக்கிறது கடை. பெயர்ப் பலகை கிடையாது. டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிற யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள். ஓர் அண்ணன் நடத்துகிறார், தூக்கி இறக்க ஒரு தம்பி கூட இருக்கிறார்.

என் தீர்ப்பு இதுதான். பெரியதை எடுங்கள், காசு வீண் போகாது. சின்னதைக் கோயில் திருவிழாவில் பக்திப் படம் போட எடுக்கலாம், பிறந்தநாளுக்கு எடுக்கலாம், ஐஸ் ஹொக்கி பார்க்க எடுக்கவே கூடாது.

ஐஸ் ஹொக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான் மாத்தளைக்காரி. இலங்கையில் ஹொக்கி என்றாலே முதலில் வாயில் வருகிற ஊர் மாத்தளை. பாடசாலைக் காலத்தில் ஸ்டிக்கைத் தொட்டேன், இன்னும் விடவில்லை. இப்போது டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு ஹொக்கி சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிந்தது. மேட்டிலிருந்து அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு, ஒரு நாட்டின் பெண்கள் அணி உலக மேடையில் எப்படி ஆடும் என்று பெரிதாகக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. புல்லில் ஆடுகிற ஹொக்கியை ஏற்கெனவே போனில் நிறையப் பார்த்துவிட்டார்கள். ஆகவே ஐஸைக் காட்டுவோம் என்று முடிவெடுத்தேன். மாசி மாதத்தில் நுவரெலியாவில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியைத் தவிர வேறு ஐஸ் மண்ணில் கண்டிராத பிள்ளைகள் இவர்கள்.

தேர்ந்தெடுத்த ஆட்டம் 2018ஆம் ஆண்டு தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக் இறுதி, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்தது. முழு ஆட்டமும் ஒலிம்பிக் அமைப்பின் யூடியூப் பக்கத்தில் இலவசமாக இருக்கிறது. எங்கள் டிவிசனில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிர்ஷ்டம், ஆகையால் டவுனில் வைஃபை இருக்கிற ஒரு வீட்டில் உட்கார்ந்து லெப்டொப்பில் இறக்கிக்கொண்டு வந்தேன். தரத்தைக் குறைத்து இறக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

புரொஜெக்டருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது. திரை முழுக்க வெள்ளை, அதற்குள் ஓடுகிற ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் பக், அவர்கள் அடித்து விளையாடும் ரப்பர் வட்டு. குறுக்களவு 7.62 சென்டிமீட்டர், தடிப்பு 2.54, எடை ஏறக்குறைய 170 கிராம். துள்ளாமல் வழுக்கிப் போகட்டும் என்று ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்தே எடுத்து வருவார்கள். சர்வதேச அளவில் மைதானம் 60 மீட்டர் நீளம், அதிகபட்சம் 30 மீட்டர் அகலம். கேமரா பாதி மைதானத்தைக் காட்டும்போது, எட்டடி அகலத் திரையில் அந்தப் பக் ஒரு மிளகளவுதான் இருக்கும். அது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். படத்தின் தரம் குறைந்தால் முதலில் காணாமல் போவது இந்த மிளகுதான். ஆட்கள் தெரிவார்கள், சட்டை நிறம் தெரியும், எதைத் துரத்துகிறார்கள் என்று மட்டும் தெரியாது.

கடைக்காரருக்கு இது புரிந்தது. பலரும் புரொஜெக்டர் கேட்டால் எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும்தான் கேட்பார்கள். இவர் என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும், "டீச்சர், முதலில் ரெண்டிலயும் போட்டுப் பார்த்துட்டு எடுங்க" என்று கடையிலேயே ஜன்னலை அடைத்துவிட்டு இரண்டையும் சுவரில் அடித்துக் காட்டினார். சின்னதில் ஐஸ் சாம்பல் நிறமாகிவிட்டது. பக் நகர்ந்த இடத்தில் ஒரு அழுக்குக் கோடு மட்டும் இழுபட்டது. பெரியதில் ஐஸ் வெள்ளையாகவே இருந்தது, நீலக் கோடும் சிவப்புக் கோடும் பளிச்சென்று விழுந்தன, பக்கைக் கண்ணால் தொடர முடிந்தது. வாடகைக்குக் கொடுக்கும் முன் இப்படி அரை மணித்தியாலம் செலவழிக்கிற கடையை நான் இந்தப் பக்கம் வேறு பார்க்கவில்லை. முன்பு வேறொரு ஊரில் பாடசாலை விழாவுக்கு எடுத்தபோது, லென்ஸில் பூஞ்சணம் பிடித்த ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போன் அடித்தால் எடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை மாலை ஆட்டோவில் சாமான் வந்து சேர்ந்தது. வாசிகசாலையில்தான் போட்டோம். தகரக் கூரை, இரண்டு கண்ணாடி இல்லாத ஜன்னல். தம்பி வந்தவுடன் செய்த முதல் வேலை, பிளக்கில் மீட்டர் வைத்துக் கரண்ட்டைப் பார்த்தது. லயத்துப் பக்கம் எல்லா வீட்டிலும் லைட் போட்டால் வோல்டேஜ் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, கேட்காமலே ஒரு ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்திருந்தார். அதற்குத் தனிக் காசு இல்லை. இடையில் இரண்டு தடவை டியூப்லைட் மங்கியது, புரொஜெக்டர் அசையவில்லை. கரண்ட் மொத்தமாகப் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் சின்ன ஜெனரேட்டரையும் கேட்கலாம், ஆனால் அதற்கு எண்ணெயும் நாமே ஊற்ற வேண்டும், சத்தமும் தாங்காது.

அப்புறம் ஒரு சிக்கல், மலைநாட்டில் மட்டும் வருவது. இருட்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவந்து கண்ணாடியில்லாத ஜன்னல் வழியே உள்ளே நுழைந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தின் பாதையில் அது புகைபோலத் திரண்டு நின்றது. பிள்ளைகளுக்கு அழகாக இருந்தது, ஆனால் திரையில் கறுப்பெல்லாம் வெளிறிப் போய்ப் பக் மறுபடி மறையத் தொடங்கியது. கொழுந்துச் சாக்குகளை ஜன்னலில் கட்டி அடைத்தோம். பத்து நிமிடத்தில் படம் தெளிந்தது. இந்தப் பக்கம் வாடகைக்கு எடுப்பவர்கள் முதலிலேயே ஜன்னலைப் பார்த்து வையுங்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி நல்லதும் கெட்டதும் உண்டு. தகரக் கூரையில் சத்தம் அடித்துத் திரும்பியதால் ஆங்கில வர்ணனை ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஆட்கள் சரிந்து பலகை வேலியில் மோதுகிற சத்தமும், ஐஸைச் சறுக்குக் கத்தி கிழிக்கிற சத்தமும் அருமையாக வந்தன. மைக் ஒன்று கேட்டேன், சும்மாவே கொடுத்தார். வர்ணனையைக் குறைத்துவிட்டு நானே மைக்கைப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். என்னைக் கேட்டால் இந்த 6,500 ரூபாவில் மிகப் பெறுமதியான சாமான் அந்த மைக்தான். தெரியாத விளையாட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற எவரும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

விதிகளைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை, அவர்களுக்குத்தான் ஹொக்கி தெரியுமே. நம் ஆட்டத்தில் பதினொரு பேர், அங்கே கோல்கீப்பரோடு ஆறு பேர். நாம் ஸ்டிக்கின் தட்டையான பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம், அவர்கள் இரண்டு பக்கத்தாலும் அடிக்கலாம். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். ஒரு பிள்ளை ஐஸில் ஒரே மூச்சில் முக்கால் நிமிடம் அளவே நிற்பாள், பிறகு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலியைத் தாண்டி உள்ளே போக, அடுத்தவள் குதித்து இறங்குவாள். தவறு செய்தால் இரண்டு நிமிடம் தனிக் கூண்டில் உட்கார வேண்டும், அந்த நேரம் அணி ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். ஆண்கள் ஆட்டத்தைப் போல வேண்டுமென்று உடம்பால் இடித்துத் தள்ளப் பெண்கள் ஆட்டத்தில் அனுமதி இல்லை. இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு குட்டி, ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆன பிறகு, "இவங்க பொம்பளப் புள்ளைங்களா?" என்று கேட்டாள். முகம் முழுக்கக் கம்பிக் கூண்டு, உடம்பு முழுக்கப் பஞ்சுக் கவசம். ஹெல்மெட்டுக்குக் கீழே முடி பறப்பதை நிறுத்திக் காட்டினேன். அதன் பிறகு அவள் கண் திரையை விட்டு நகரவே இல்லை.

இந்த ஆட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், இதில் கதை முழுதாக இருக்கிறது. பெண்கள் ஐஸ் ஹொக்கி ஒலிம்பிக்கில் முதலில் நுழைந்தது 1998இல், ஜப்பானின் நகானோவில். அன்று அமெரிக்கா வென்றது. அதற்குப் பிறகு 2002, 2006, 2010, 2014 என நான்கு தடவையும் தங்கம் கனடாவுக்கு. இருபது ஆண்டு காத்திருந்த அணி ஒரு பக்கம், தோற்றே பழகாத அணி மறுபக்கம். முதல் பகுதி முடிய அரை நிமிடமும் இல்லாத நேரத்தில் ஹிலரி நைட் தட்டிவிட்டு அமெரிக்காவை முன்னே கொண்டுபோனார். இரண்டாம் பகுதியில் ஹேலி இர்வின் சமப்படுத்தினார், பிறகு மரி-பிலிப் பூலான் கனடாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பூலான் 2010 இறுதியில் இரண்டு கோல் போட்டவர், 2014 இறுதியில் ஒரு நிமிடமும் மிச்சமில்லாத நேரத்தில் சமப்படுத்திக் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் போட்டவர். அவருடைய ஸ்டிக்கில் பக் படும்போதெல்லாம் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் பகுதியில் கனடா ஆள் மாற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மொனிக் லமுரோ-மொராண்டோ தனியே ஓடி 2-2 ஆக்கினார். இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பின்னால் ஓட்டினேன். ஆள் மாற்றும்போது ஒரே ஒரு நொடி தடுமாறினால் என்ன நடக்கும் என்பதைச் சரிந்த மைதானத்தில் நின்று ஆயிரம் தடவை கத்தினாலும் காட்ட முடியாது, திரையில் ஒரு தடவை போதுமாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் பந்து போன பிறகு இடத்துக்குத் திரும்ப மறந்து நிற்பவர்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

கூடுதல் நேரம் இருபது நிமிடமும் கோல் இல்லாமல் போனது. பிறகு கோல்கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை. இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர் அடித்துப் பார்த்தும் அதிலும் 2-2. ஆறாவதாக அமெரிக்காவுக்காக வந்தவர் ஜோஸ்லின் லமுரோ-டேவிட்சன், மொனிக்கின் இரட்டைச் சகோதரி. கனடாவின் கோல்கீப்பர் ஷனன் சபாடோஸ் நல்ல அனுபவசாலி. ஜோஸ்லின் அடிப்பதுபோல் காட்டி, ஒரு பக்கம் இழுத்து, மறுபடி திருப்பி, கோல்கீப்பர் விழுந்த பிறகு மெதுவாகத் தட்டி உள்ளே விட்டார். அதன் பிறகு கனடாவின் மேகன் அகோஸ்டா வந்தார், இருபது வயது மேடி ரூனி அவரைத் தடுத்தார், ஆட்டம் முடிந்தது. எங்கள் கோல்கீப்பர் தரம் பத்தில் படிக்கிறாள், அதிகம் பேசாத பிள்ளை. ரூனி தடுத்த அந்த அசைவை மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னாள். பக்கைப் பார்க்கவில்லை அவள், ரூனியின் முழங்காலைப் பார்த்தாள். எப்போது மடிகிறது, எவ்வளவு நேரம் நிமிர்ந்தே காத்திருக்கிறது என்று. ஒரு பயிற்சியாளருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். சின்ன புரொஜெக்டரை எடுத்திருந்தால் அந்த முழங்கால் தெரிந்திருக்காது.

பரிசளிப்பையும் விடாமல் காட்டினேன். கனடாவின் ஜோஸ்லின் லரோக் வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டவுடன் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இது சரியா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம். நான் தலையிடவில்லை. தோல்வி எவ்வளவு வலிக்கும் என்பதையும் அவர்கள் அந்த முகத்தில் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

பகுதிகளுக்கு இடையில் பதினைந்து நிமிட ஓய்வு. அந்த நேரத்துக்குச் சரியாக ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும் வந்தன. மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த அம்மாமாரும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது ஓய்வில் ஓர் அம்மா கேட்டார், "ஏன் டீச்சர், இந்தப் புள்ளைங்களுக்குச் சம்பளம் உண்டா?"

இதற்குப் பதில் சொல்ல ஓய்வு நேரம் போதவில்லை. இந்த ஒலிம்பிக்குக்கு ஓர் ஆண்டுக்கு முன், 2017 மார்ச்சில், இதே அமெரிக்க அணிப் பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பில் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்தப் போட்டி அவர்கள் சொந்த நாட்டில், மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத்தில் நடக்க இருந்தது. நான்கு ஆண்டில் ஒலிம்பிக்கை ஒட்டிய ஆறு மாதத்துக்கு மட்டும் மாதம் 1,000 டொலர் கொடுத்துக்கொண்டிருந்தது அமெரிக்க ஹொக்கி சங்கம், மீதி நாளுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. இவர்கள் ஆடாவிட்டால் வேறு ஆட்களை இறக்குவோம் என்று சங்கத்தார் தேடினார்கள். பல்கலைக்கழக வீராங்கனைகள், பாடசாலைப் பிள்ளைகள் வரை கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களில் பலர் மறுத்துவிட்டார்கள். மார்ச் 28இல் ஒப்பந்தம் ஆனது, 31இல் போட்டி தொடங்கியது, இறுதியில் கனடாவை 3-2 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள். வெற்றிக் கோல் ஹிலரி நைட்டுடையது, திரையில் சற்று முன் பார்த்தார்களே, அவரேதான்.

பதிலாள் பிடிக்கப் போனபோது பலரும் மறுத்துவிட்டார்கள் என்று சொன்ன இடத்தில் வாசிகசாலை முழுக்கக் கைதட்டியது. கோலுக்குத் தட்டியதைவிடப் பலமாக. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை மூலம் அது ஆயிரமானது. நான் எதையும் இணைத்துச் சொல்லவில்லை, அவர்களே இணைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு மூன்றாம் பகுதியில் அந்த அம்மாமார் எல்லாரும் அமெரிக்கா பக்கம். அதுவரை சிவப்புச் சட்டை நன்றாக இருக்கிறது என்று கனடா பக்கம் நின்றவர்கள்.

குறை ஒன்றும் இல்லாத விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். 1998 தொட்டு நடந்த எல்லா ஒலிம்பிக்கிலும் தங்கம் இந்த இரண்டு நாடுகளில் ஒன்றுக்குத்தான், உலக சாம்பியன்ஷிப்பும் அப்படியே. 2010இல் கனடா ஸ்லோவாக்கியாவை 18-0 என்று அடித்தது. அப்படி ஆட்டங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்றாம் நாடு ஒன்று மிக அருகில் வந்தது 2019இல், பின்லாந்தின் எஸ்போவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில். இறுதியில் கூடுதல் நேரத்தில் பின்லாந்து கோல் போட்டுவிட்டது என்று வீராங்கனைகள் கையுறைகளை எறிந்து கொண்டாடினார்கள். வீடியோ பார்த்து அந்தக் கோலை நீக்கினார்கள், பிறகு ஒற்றைக்கு ஒற்றையில் அமெரிக்கா வென்றது. அந்த நாள் நினைவு வந்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எடுத்த வாடகைக்கு இரவு மிச்சம் இருந்ததால் இன்னும் சில துண்டுகள் போட்டோம். ஒன்று, அதே 2018 ஒலிம்பிக்கில் வட கொரியாவும் தென் கொரியாவும் சேர்ந்து ஒரே பெண்கள் அணியாக இறங்கியது. தெற்கின் 23 பேரோடு வடக்கிலிருந்து 12 பேரைப் போட்டி தொடங்கச் சில கிழமை இருக்கும்போது சேர்த்தார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது மூன்று வடக்குப் பிள்ளைகளாவது ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. சுவிட்சர்லாந்திடம் 8-0, சுவீடனிடம் 8-0. மூன்றாவதாக ஜப்பானுடன் 4-1 என்று தோற்ற ஆட்டத்தில்தான் அந்த அணியின் முதல் கோல், ரண்டி ஹீசூ கிரிஃபின் போட்டது. பக் துள்ளித் துள்ளி கோல்கீப்பரின் காலுக்கிடையால் புகுந்தது. தோற்றுக்கொண்டிருக்கிற அணிக்கு மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. சர்வதேச அணி ஒன்றை மேலிடத்து முடிவு எப்படியெல்லாம் ஆட்டிப் படைக்கும் என்பதற்கும் இதுவே சாட்சி. தெற்குப் பிள்ளைகள் பல ஆண்டு பாடுபட்டு எடுத்த இடத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்காக எனக்கு வருத்தம் உண்டு.

மற்றது இந்திய பெண்கள் அணி. இதைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்த அணியில் பெரும்பாலும் லடாக் பிள்ளைகள். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நமது பிதுருதலாகலை உச்சியே 2,524 மீட்டர்தான். குளிர்காலத்தில் குளம் உறையும் இரண்டு மூன்று மாதத்தில்தான் அவர்கள் பழகியதெல்லாம். 2016இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 2017இல் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது முதல் வெற்றி. 2018இல் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர், நான்கு ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர், லடாக்குக்கே போய் அந்தப் பிள்ளைகளோடு ஐஸில் இறங்கினார். 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் வெண்கலம் வென்றுவிட்டார்கள். இதில் கிடைத்த வீடியோக்கள் சிறியவை, போனில் எடுத்தவையும் உண்டு, பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரிந்தன. அதற்குப் புரொஜெக்டரைக் குறை சொல்ல முடியாது. உறைந்த குளமும் சுற்றிலும் மலையும் வந்தபோது, "இதுக்குக் கிழவிமலை மாதிரி ஒரு பக்கம் சரிவு இல்லையே" என்று ஒருத்தி பொறாமையோடு சொன்னாள். எங்கள் மைதானத்து மேட்டுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

சேவையில் என் குறைகளும் உண்டு. ஸ்கிரீன் பழைய டிவி வடிவம், எட்டடிக்கு ஆறடி. இப்போதைய ஆட்டங்கள் எல்லாம் அகலப் படமாக வருகின்றன, ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து திரையில் நாலில் ஒரு பங்கு சும்மா கிடந்தது. அகல ஸ்கிரீன் ஒன்று வாங்குங்கள் என்று சொன்னேன், சீசன் முடியட்டும் என்றார். எச்டிஎம்ஐ வயர் மூன்று மீட்டர்தான், லெப்டொப்பைப் புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகள் எழுந்து போகும்போதெல்லாம் இடறியது. பத்து மீட்டர் வயர் உள்ளவர்கள் கையோடு கொண்டுபோங்கள். காலையில் எட்டு மணிக்குள் சாமான் திரும்பி வந்துவிட வேண்டும் என்கிறார், தோட்டத்திலிருந்து ஞாயிறு காலை ஆட்டோ பிடித்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வது கஷ்டம். பேசிப் பத்து மணியாக்கிக்கொண்டோம். அட்வான்ஸ் 2,000, அடையாள அட்டைப் பிரதி ஒன்று. பற்றுச்சீட்டு தருகிறார், பாடசாலைக் கணக்குக்கு அது உதவும்.

காசு எப்படிச் சேர்த்தோம் என்று ஒரு தோட்டத்து நண்பி கேட்டார். வீட்டுக்கு நூறு ரூபா, கோயில் சந்தா போல. ஆட்டோ கூலியும் ரொட்டி மாவும் அதிலேயே அடங்கிவிட்டது.

ஆடித் திருவிழாக் காலத்திலும் டிசம்பரிலும் அங்கே எதுவும் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். இடையில் கிழமை நாட்களில் எடுத்தால் 1,000 ரூபா குறைக்கிறார். நாங்கள் அடுத்த தவணை விடுமுறையில் 2014 இறுதி ஆட்டத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கனடா ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, ஆளில்லாத கனடா கோலை நோக்கி அமெரிக்கா அடித்த பக் கம்பத்தில் பட்டு நின்றுவிடும். அந்த இடம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், இந்த முறை அகல ஸ்கிரீன் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் மிச்சப் பணம் கட்டுவேன்.